ஆரஞ்சுக் கொடி படகு: பாங்காக்கைச் சிக்கனமாகச் சுற்றிப் பார்க்க உதவுமா?

சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் விமானத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய பாங்காக்குக்கு மூன்று, நான்கு நாள் பயணம் திட்டமிடுகிறவர்களில் பெரும்பாலோர், விமானச் சீட்டின் விலையையும் விடுதி வாடகையையும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே தங்கள் சிக்கனத்தை எல்லாம் காட்டி முடித்துவிடுகிறார்கள். நகருக்குள் எப்படிப் போய்வருவது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பாங்காக்கைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும். மலிவான அறையும் தெருவோரச் சாப்பாடும் அங்கே யார் தேடினாலும் கிடைக்கும். சாலை நெரிசலில் தொலைத்த அரை நாள் மட்டும் திரும்பக் கிடைக்காது. அரண்மனையும் முக்கியமான கோயில்களும் உள்ள பழைய நகரத்துக்குள் பிடிஎஸ் எனப்படும் வான்ரயில் நுழைவதே இல்லை. அந்தப் பகுதிக்குக் காரிலோ டுக்-டுக்கிலோ போகிறவர்கள், குறிப்பாக மாலை வேளையில், நகராத சாலையில் உட்கார்ந்திருக்க நேரிடும். இந்தச் சிக்கலுக்கு நகரம் வைத்திருக்கும் பழைய விடை சாவ் பிரயா ஆறு. அதில் ஓடும் ஆரஞ்சுக் கொடி படகைத்தான் குறைந்த செலவில் ஊர் பார்க்க வருகிற ஒருவரின் கண்ணோட்டத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகல் நேரத்தில் பழைய நகரத்தைப் பார்க்க இதைவிட மலிவான, நம்பகமான வாகனம் பாங்காக்கில் இல்லை. ஆனால் இதை நம்பி மாலைப் பொழுதைத் திட்டமிடக் கூடாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு விடுதியைத் தேர்ந்தெடுத்தால் பயணத்தின் மற்ற ஏற்பாடுகளில் பாதி தாமாகவே அமைந்துவிடும்.

சாவ் பிரயா விரைவுப் படகுச் சேவை 1971 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. படகின் பின்புறத்தில் பறக்கும் கொடியின் நிறமே அது எந்தெந்தத் துறையில் நிற்கும், எவ்வளவு கட்டணம் என்பதைச் சொல்லும். மஞ்சள் கொடியும் பச்சை கலந்த மஞ்சள் கொடியும் வேலைநாட்களில் நெரிசலான நேரங்களில் மட்டும், அலுவலகம் செல்வோருக்காக ஓடுபவை. சில துறைகளில் நிற்காமல் கடந்துவிடும். நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது. ஆரஞ்சுக் கொடிதான் வாரத்தின் எல்லா நாட்களிலும் காலையிலிருந்து மாலை வரை ஓடி, பயணிகளுக்குத் தேவையான எல்லா முக்கியத் துறைகளிலும் நிற்பது. அதன் கட்டணம் 16 பாட். ஒரே ஒரு துறை தள்ளி இறங்கினாலும், வடக்கே 30 என்ற எண்ணுள்ள நொந்தபுரி வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போனாலும் அதே 16 பாட்தான். ஒரு பாட்டுக்கு இரண்டரை முதல் மூன்று ரூபாய் வரை என்று கணக்கிட்டால், ஐம்பது ரூபாய்க்குள் ஒரு பெருநகரத்தின் முழு ஆற்றங்கரையையும் பார்த்துவிடலாம். எந்தச் சுற்றுலா நிறுவனமும் இந்த விலைக்கு இதைக் காட்டப் போவதில்லை.

படகில் ஏறுவதற்கு முன்பதிவோ, கைப்பேசிச் செயலியோ, அட்டையோ தேவையில்லை. சில துறைகளில் மேசை போட்டுச் சீட்டு விற்பார்கள். மற்ற இடங்களில் படகுக்குள் நடத்துநர் நீண்ட உலோக உருளை ஒன்றைக் குலுக்கிச் சில்லறைச் சத்தம் எழுப்பிக்கொண்டே வருவார். அந்த உருளைக்குள்தான் சீட்டுச் சுருளும் நாணயங்களும் இருக்கும். இருபது பாட் நோட்டுகளையும் நாணயங்களையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் அவர் முகம் மாறுவதில் நியாயம் உண்டு. துறையை நெருங்கும்போது பின்புறத்தில் நிற்கும் ஊழியர் விசில் ஒலிகளாலேயே ஓட்டுநருக்கு வழிகாட்டி, இவ்வளவு பெரிய படகை ஒரு சில விநாடிகள் மட்டும் துறையோடு ஒட்டி நிறுத்துகிறார். அந்தச் சில விநாடிகளில் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறிவிட வேண்டும். படகின் பின்பகுதியில் பௌத்தத் துறவிகளுக்கென்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே போய் நின்றுகொள்ளக் கூடாது, பெண்கள் துறவிகளைத் தொட்டுவிடாமல் விலகி நிற்பதும் அந்த ஊர் மரியாதை.

நீலக் கொடி படகைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மத்தியத் துறையான சாத்தோனில், சஃபான் தக்சின் வான்ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வரும் வெளிநாட்டவர் கண்ணில் முதலில் படுவது நீலக் கொடிக்கான சீட்டு மேடைதான். அந்தப் படகில் இருக்கை கிடைக்கும், மேல்தளத்திலிருந்து நன்றாகப் படம் எடுக்கலாம், ஒவ்வொரு துறையைப் பற்றியும் ஆங்கிலத்தில் அறிவிப்புச் செய்வார்கள். அதற்கு விலை ஆரஞ்சுக் கொடியைப் போல இருமடங்கோ அதற்கு மேலோ ஆகும். ஒரு நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கும் சீட்டு 150 பாட். இந்த நாள்சீட்டு லாபமாகத் தோன்றும். ஆனால் 16 பாட் படகில் பத்து முறை ஏறினால்தான் 150 பாட்டைத் தாண்டும். ஒரே பகலில் பத்துப் படகு ஏறி இறங்குகிறவர் கோயில்களைப் பார்த்திருக்கவே முடியாது. குழந்தைகளோடு வந்து, உட்காரும் இடம் உறுதியாக வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு நீலக் கொடியில் தவறில்லை. மற்றவர்கள் அந்த மேடையைக் கடந்து, ஆரஞ்சுக் கொடிக்கான வரிசை எது என்று கேட்டு நிற்பதே சரி.

சாத்தோனிலிருந்து வடக்கு நோக்கிப் போகும் துறைகளுக்கு வரிசை எண் உண்டு. 5 ராச்சவோங், சீனர் வாழும் யவராட் பகுதிக்கு. 6 நினைவுப் பாலம், பூச்சந்தைக்கும் பஹுரட் எனப்படும் இந்தியர் கடைவீதிக்கும். 8 தா தியன், படுத்த நிலையில் 46 மீட்டர் நீளமுள்ள புத்தர் இருக்கும் வாட் போ கோயிலுக்கு. 9 தா சாங், மன்னர் முதலாம் ராமர் 1782இல் தலைநகரை இக்கரைக்கு மாற்றியபோது எழுப்பிய பேரரண்மனைக்கு. 10 வாங் லாங், எதிர்க்கரையில் சிரிராஜ் மருத்துவமனையை ஒட்டிய சந்தைக்கு. 13 பிரா ஆத்தித், முதுகுப்பைப் பயணிகள் கூடும் காவ் சான் சாலைக்கு. முதன்முறை வருகிறவர் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கோட்டில், துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பதே இந்தச் சேவையின் உண்மையான பலம். இதை ஒரு நகரப் பேருந்தின் ஒரே வழித்தடத்தில் மயிலாப்பூர், மெரினா, கோட்டை எல்லாம் வந்துவிடுவதற்கு ஒப்பிடலாம், நடுவில் ஒரு சிக்னல்கூட இல்லாமல்.

நாள் திட்டத்தையும் படகின் ஓட்டத்தை வைத்தே வகுக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் நொந்தபுரிப் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி நகருக்குள் வருகிறது. அதே நேரத்தில் சாத்தோனிலிருந்து வடக்கே போகும் படகில் நெரிசல் குறைவு. ஆகவே எட்டு மணிக்குள் படகேறி, அரண்மனை 8:30க்குத் திறக்கும்போது வாசலில் நிற்பதே சிறந்தது. மாலை 3:30க்கே அங்கே நுழைவுச்சீட்டு விற்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதையும், தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாசலுக்குச் சற்று முன்பாக யாராவது நல்ல ஆங்கிலத்தில் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில்களுக்கு டுக்-டுக்கில் மலிவாக அழைத்துப் போகிறேன் என்று சொன்னால், காது கேளாதவர் போல நடந்துவிடலாம். பல ஆண்டுகளாக நடக்கும் அந்த நாடகம் ஏதாவது ஒரு நகைக்கடையில்தான் போய் முடியும்.

இங்கே சிக்கனத்தின் கணக்கு ஒரு விசித்திரமான இடத்துக்கு வருகிறது. மூன்று முறை ஆரஞ்சுக் கொடி படகும், தா தியனிலிருந்து எதிர்க்கரையில் உள்ள வாட் அருண் கோயிலுக்குப் போய்வர ஐந்து பாட் அளவிலான குறுக்குப் படகு இரண்டு முறையும் என்றால், ஒரு பகலின் போக்குவரத்துச் செலவு ஏறத்தாழ 58 பாட். அதே பகலில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் அரண்மனைக்கு 500, வாட் போவுக்கு 300, வாட் அருணுக்கு 200 என்று ஆயிரம் பாட்டை எட்டிவிடுகிறது. ஆட்டோ கட்டணத்தில் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நம்மவர் பலரும் இந்த ஆயிரத்தை யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றில் ஒன்றை விடலாம் என்றால் வாட் அருணின் உட்புறத்தை விடலாம் என்பது என் கருத்து. அதன் அழகு ஆற்றிலிருந்தும் எதிர்க்கரையிலிருந்தும் பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. அந்தக் காட்சிக்கான கட்டணம் ஏற்கெனவே படகுச் சீட்டில் அடங்கியிருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. முதலாவதும் பெரியதும் நேரம். ஆரஞ்சுக் கொடியின் கடைசிப் படகுகள் மாலை ஆறு, ஏழு மணியை ஒட்டி முடிந்துவிடுகின்றன. யவராட்டின் தெருவோரக் கடைகளில் அடுப்பு முழுவீச்சில் எரியத் தொடங்கும் வேளையில் ஆற்றில் ஆரஞ்சுக் கொடி படகு இல்லை. கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் உள்ள பலகையில் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்வது அவசியம். இரண்டாவது, வடக்கே போகும் படகும் தெற்கே போகும் படகும் பெரும்பாலும் ஒரே மிதவை மேடையில்தான் வந்து நிற்கின்றன. கொடியின் நிறத்தை மட்டும் பார்த்து ஏறுகிறவர் எதிர்த்திசையில் போய்விட வாய்ப்புண்டு. படகின் மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, ஊழியரிடம் போக வேண்டிய துறையின் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கூட்டம். மாலையில் வடக்கு நோக்கிப் போகும் படகுகளில் மூச்சு முட்டும் அளவுக்கு ஆட்கள் நிற்பார்கள். அந்த நேரத்தில் பெட்டியோடு காவ் சான் விடுதிக்குப் போக நினைப்பது பெட்டிக்கும் மற்றப் பயணிகளுக்கும் செய்யும் கொடுமை.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது சொன்னபடி நடக்கும் சேவை. 1999இல் தொடங்கிய வான்ரயிலும் 2004இல் தொடங்கிய மெட்ரோவும் குளிரூட்டப்பட்டவை, தூய்மையானவை, நள்ளிரவு வரை ஓடுபவை. ஆனால் இரண்டும் வெவ்வேறு நிர்வாகங்களைச் சேர்ந்தவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது புதிதாகச் சீட்டு வாங்க வேண்டும், கட்டணமும் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். மெட்ரோவில் தொடாமல் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையைக் கதவில் காட்டியே நுழைந்துவிடலாம். 2019இல் மெட்ரோவின் நீலத்தடம் நீட்டிக்கப்பட்டு, வாட் மங்கோன், சனாம் சாய் ஆகிய நிலையங்கள் திறக்கப்பட்ட பிறகு, படகு நின்றுபோன மாலையிலும் யவராட்டிலிருந்தும் வாட் போ பக்கத்திலிருந்தும் திரும்பிவர வழி பிறந்திருக்கிறது. படகின் முதல் குறையை ஈடுகட்டுவது இந்த நீட்டிப்புதான்.

விடுதியை எங்கே எடுப்பது என்ற கேள்விக்கு இதிலிருந்தே விடை கிடைக்கிறது. இணையத்தில் தேடினால் மலிவான அறைகள் காவ் சான் பகுதியில் அதிகம் தென்படும். அங்கே படகுத்துறை அருகில் இருந்தாலும் ரயில் நிலையம் அருகில் இல்லை. மாலை ஆனால் டாக்ஸியைத்தான் நம்ப வேண்டும். சுகும்வித் சாலையில் ரயில் உண்டு, ஆறு தொலைவு. சிக்கனமாக இருக்க நினைக்கிறவருக்கு இரண்டு பகுதிகள் பொருந்தும் என்பேன். ஒன்று, ராச்சவோங் துறைக்கும் வாட் மங்கோன் மெட்ரோ நிலையத்துக்கும் இடைப்பட்ட யவராட் தெருக்கள். மற்றொன்று, சாத்தோன் துறையையும் வான்ரயிலையும் ஒட்டிய பாங் ராக் பகுதி. 1860களில் நான்காம் ராமர் போட்ட சரோன் குருங் சாலை இதன் வழியாகத்தான் போகிறது. பழைய கடைவீடுகள் சிறு தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன. இவ்விரண்டில் ஓர் இரவுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், நாளொன்றுக்கு இரண்டு டாக்ஸிப் பயணம் மிச்சமாவதால் அந்தப் பணம் திரும்பிவிடும். தமிழ் வாசகருக்குப் பாங் ராக்கில் இன்னொரு காரணமும் உண்டு. தமிழகத்திலிருந்து குடியேறியவர்கள் 1879இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கிருந்து நடக்கும் தூரத்தில், சிலோம் சாலையில் இருக்கிறது. தென்னிந்தியக் கோபுரத்தின் கீழே, வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களாக இருப்பதைப் பார்ப்பதே ஒரு தனி அனுபவம். நவராத்திரி சமயத்தில் அங்கே போகிறவர்கள் கூட்டத்துக்குத் தயாராகப் போக வேண்டும்.

ஆற்றுப் படகோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு படகு சென் சேப் கால்வாயில் ஓடுகிறது. நகரை மேற்கிலிருந்து கிழக்காக அறுத்துக்கொண்டு போகும் அந்தக் கால்வாயில், பழைய நகரத்தின் ஓரத்தில் உள்ள பன்ஃபா துறையிலிருந்து பிரதுனாம் கடைவீதிவரை, மேலே சாலை அசையாமல் நிற்கும்போது கீழே விரைந்து போய்விடலாம். கட்டணம் இருபது பாட்டை ஒட்டி முடிந்துவிடும். தண்ணீரின் நிறமும் மணமும் பாராட்டும்படி இல்லை. எதிரே இன்னொரு படகு வரும்போது பயணிகளே கயிற்றை இழுத்துப் பக்கவாட்டுத் தார்ப்பாயை உயர்த்திக்கொள்வார்கள், ஓரத்தில் உட்காருகிறவர் அந்த வேலையைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும். பன்ஃபாவில் இறங்கினால் பொன்மலைக் கோயில் எதிரிலேயே இருக்கிறது. இன்னும் சற்று நடந்தால் பெரிய ஊஞ்சல் கம்பங்களும் அருகில் அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானமும் வரும். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் திரியம்பாவைச் சடங்கில் நம் திருவெம்பாவைப் பாடல்கள் இன்றும் ஓதப்படுகின்றன. சுற்றுலா வழிகாட்டிகளில் ஒரு வரியோடு முடிந்துவிடும் இந்த இடத்துக்கு நாம் அரை மணி நேரம் கொடுக்கலாம்.

சாப்பாட்டுக்கும் துறைகளே வழிகாட்டும். வாங் லாங் சந்தையில் மருத்துவமனை ஊழியர்களும் மாணவர்களும் சாப்பிடுவதால் விலை உள்ளூர் விலையாகவே இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி மட்டும் என்று சொன்னால் போதாது, மீன்சாறு எல்லாவற்றிலும் கலந்திருக்கும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று கொடி கட்டியிருக்கும் கடைகளைத் தேடினால் மீன்சாறு மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத உணவு கிடைக்கும். நம் ருசிக்கு ஏங்குகிறவர்களுக்கு நினைவுப் பாலத் துறைக்கு அருகே பஹுரட்டில் வட இந்திய உணவகங்கள் உண்டு.

விமான நிலையத்திலிருந்து வருவதற்கு மட்டும் படகு உதவாது. சுவர்ணபூமியில் இறங்குகிறவர்கள் காலை 5:30 முதல் நள்ளிரவு வரை ஓடும் விமான நிலைய ரயிலில் 45 பாட்டுக்குப் பயா தாய் நிலையம் வந்து, வான்ரயிலுக்கு மாறி, சயாம் நிலையத்தில் தடம் மாறி சஃபான் தக்சின் அடையலாம். மலிவு விமானங்கள் பலவும் இறங்கும் டான் முவாங்கில், 30 பாட் கட்டணத்தில் ஏ1 பேருந்து மோ சிட் வான்ரயில் நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. விடியுமுன் வந்து இறங்கும் விமானத்தின் சீட்டு மலிவாக இருந்தாலும், ரயில் இல்லாத அந்த நேரத்தின் டாக்ஸிச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே அதை மலிவு என்று சொல்ல வேண்டும். 2025 மே 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசு இணையதளத்தில் இலவசமாக நிரப்பிவிடலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை மூடிவிட வேண்டியதுதான்.

முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு குறிப்பு. மிதவை மேடைக்கும் படகுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது, இரண்டும் ஆடுகின்றன, படகு காத்திருப்பதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களையும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் ஆரஞ்சுக் கொடியில் ஏற்ற முயல வேண்டாம். ஆற்றில் நீர் உயர்ந்திருக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்த எச்சரிக்கை மற்றவர்களுக்கும் ஓரளவு பொருந்தும். முதியவர்களுக்கு மின்தூக்கி வசதியுள்ள சனாம் சாய் மெட்ரோ நிலையம் போதும். வாட் போ அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது, அரண்மனைக்கு மட்டும் அங்கிருந்து 35 பாட்டில் தொடங்கும் மீட்டர் டாக்ஸி எடுத்துக்கொள்ளலாம், ஓட்டுநர் மீட்டரைப் போட்ட பிறகு ஏறினால்.